சின்னவளின் காலேஜ் விஷயமாகப் பெரியவனுக்கு

அன்புள்ள பெரியவனுக்கு, அம்மா எழுதிக்கொள்வது.

நீ அங்கே சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன், நம்பாமல் வேறு என்ன செய்வது, கண்ணால் பார்க்கிற தூரத்திலா இருக்கிறாய். இங்கே நானும் உன் தங்கச்சியும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை போனில் பேசுகிறவள் எதற்கு மெனக்கெட்டுக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். வீட்டில் இருப்பது ஒரு போன், அது எந்நேரமும் சின்னவள் கையில் இருக்கிறது, அவள் காதில் விழக்கூடாத விஷயம் ஒன்று உன்னிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால்தான் ஹோட்டல் சலவை அறையில், மதியச் சாப்பாட்டை அவசரமாக விழுங்கிவிட்டு, மடித்த தலையணை உறைகளின் மேல் காகிதத்தை வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். கையெழுத்து கோணல்மாணலாக இருந்தால் சிரிக்காதே. நான் பேனா பிடித்துப் பல காலம் ஆகிறது, நீ பள்ளிக்கூடம் போனபோது லீவு லெட்டரில் கையெழுத்துப் போட்டதுதான் பெரிய எழுத்து வேலை. முதலில் உன்னைக் கொஞ்சம் திட்டிக்கொள்கிறேன். அந்தக் குளிர்க் கிடங்குக்குள் போகும்போது காதை மூடிக்கொள் என்று எத்தனை தடவை சொல்வது. தலைமுடியை வெட்டு, பரட்டைத் தலையோடு உன்னை வீடியோவில் பார்க்கச் சகிக்கவில்லை. வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டு வயிறு நிறைந்தது என்று என்னிடம் கதை விடாதே, கன்னம் ஒட்டிப்போயிருப்பது இங்கிருந்தே தெரிகிறது.

இங்கே கீழ்வீட்டு டயர் கடைக்காரர் காற்றடிக்கப் புது மெஷின் வாங்கியிருக்கிறார். அது காலையிலிருந்து உயிர் போகிற மாதிரி கத்துகிறது. சின்னவள் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு படிக்கிறாள். பஞ்சை அடைத்துக்கொண்டால் நான் கூப்பிடுவதும் கேட்பதில்லை. வேலையிடத்திலும் சலவை மெஷின்கள் போடுகிற சத்தத்தில் எல்லோரும் கையைக் காட்டித்தான் பேசிக்கொள்கிறோம், வீட்டுக்கு வந்தாலும் அதே கதி. சில நாள் நான் வாய் திறந்து ஒரு முழு வாக்கியம் பேசியிருக்கிறேனா என்று யோசித்துப் பார்த்தால் பஸ் கண்டக்டரிடம் இறங்குகிற இடத்தைச் சொன்னதுதான் இருக்கும். உன்னிடம் சொல்ல வேண்டும் என்று வாரம் முழுக்க ஒவ்வொன்றாகச் சேர்த்து வைக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை நீ சாப்டியாம்மா என்று கேட்டதும் சாப்பிட்டேன் என்கிறேன், அத்தோடு சேர்த்து வைத்ததெல்லாம் மறந்துபோகிறது. போனை வைத்த பிறகு வரிசையாக ஞாபகம் வருகிறது. நீ கவலைப்படுவாய் என்று இதையெல்லாம் சொல்வதில்லை, காகிதத்தில் கை தானாக எழுதிவிட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். சின்னவள் அந்தப் பெரிய காலேஜுக்கு எழுதிப் போட்டிருக்கிறாள் என்று உனக்குத் தெரியும், அதில் நடந்ததெல்லாம் உனக்குத் தெரியாது. முதலில் அவளுடைய கணக்கு டீச்சர்தான் நம் மாடிப்படி ஏறி, மூச்சு வாங்க வந்து உட்கார்ந்து, என்னிடம் சொன்னது. அங்க சேரணும்னு ஊர்ப்பட்ட பேர் எழுதுவாங்கம்மா, அதுல கொஞ்ச பேரைத்தான் எடுப்பாங்க, எழுதுறவங்க வீட்லயெல்லாம் அப்பா டாக்டரா இருப்பார், அம்மா வக்கீலா இருப்பாங்க, என்ன எழுதணும் எப்படிப் பேசணும்னு சொல்லிக்கொடுக்க வீட்டுக்கே ஆள் வரும், உங்க பொண்ணுக்கு அதெல்லாம் கிடையாது, ஆனா உங்க வீட்லேர்ந்து காலேஜ் வாசப்படி மிதிக்கிற முதல் ஆள்னா அதையும் அவங்க பார்ப்பாங்க, அதை ஒளிக்காம எழுதச் சொல்லுங்க, எடுத்துட்டா படிப்பு, தங்குற இடம், சாப்பாடு எல்லாம் அவங்களே பார்த்துப்பாங்க என்றார். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. நம்மிடம் ஒன்றும் இல்லை என்று சொன்னால் இடம் கொடுக்கிற ஆட்களும் உலகத்தில் உண்டா? நாம் இந்த வீட்டை வாடகைக்குக் கேட்டு வந்தபோது, உங்கள் இரண்டு பேருக்கும் பக்கத்து வீட்டில் ஷூ இரவல் வாங்கி மாட்டி அழைத்து வந்தவள் நான். கண்டவன் முன்னால் ஒரு படி மேலாகத் தெரிந்தால்தான் உட்காரவே சொல்வான் என்பதுதான் எனக்குத் தெரிந்த பாடம்.

சின்னவள் தன் வீட்டைப் பற்றி எழுத வேண்டிய பக்கத்தில் எல்லாவற்றையும் போட்டு உடைத்திருந்தாள். அப்பா லாரி ஓட்டினார், இப்போது இல்லை, அம்மா ஹோட்டலில் துணி துவைத்து இஸ்திரி போடுகிறாள், அண்ணன் பள்ளிக்கூடத்தோடு நிறுத்திவிட்டுக் கடல் தாண்டிக் கிடங்கில் மூட்டை ஏற்றுகிறான் என்று. எனக்கு வந்ததே கோபம். நம்ம வீட்டுக் கதையை ஊர் பூரா தமுக்கடிக்கணுமாடி, அப்பா போக்குவரத்துத் துறையில இருந்தார்னு கௌரவமா எழுதினா என்ன குறைஞ்சிடும் என்று குதித்தேன். உண்மையைத்தானே எழுதியிருக்கேன், யார் வீட்லயாவது திருடினோமா என்று அவள் ஒரே வார்த்தையில் என் வாயை அடைத்துவிட்டாள். அதில் உன்னைப் பற்றித்தான் நிறைய எழுதியிருந்தாள். உன் பழைய புத்தகங்களில் நீ ஓரத்தில் பென்சிலால் போட்டுப் பார்த்த கணக்குகளை வைத்துத்தான் அவளுக்குக் கணக்கு பிடிபட்டதாம். அதைப் படித்த பிறகு எனக்குச் சண்டை போட மனசு வரவில்லை. உன் காலத்தில் இப்படி ஒரு காலேஜ் இருக்கிறது என்று நம் படியேறி வந்து சொல்ல ஒருத்தரும் இல்லையே கண்ணு. நீயும் எதையும் கேட்டதில்லை. கேட்டு அடம் பிடித்திருந்தால் நானும் எங்கேயாவது போய் முட்டி மோதியிருப்பேன். உன் அப்பாவின் காரியம் முடிந்த கையோடு பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாய்.

அவள் எழுதினது அவர்களுக்குப் பிடித்துவிட்டது போல, நேரில் பார்த்துப் பேச வேண்டும் என்று கூப்பிட்டார்கள். காலேஜிலிருந்து ஒரு மேடம் வருகிறார், இந்தப் பக்கத்துப் பிள்ளைகளை எல்லாம் ஒரே இடத்தில் வைத்துப் பார்க்கிறார் என்று சொன்னார்கள். அந்த இடம் எது தெரியுமா, நான் வேலை செய்கிற ஹோட்டல்! மாடியில் இருக்கிற சின்னக் கூட்ட அறை. கேட்டதும், அன்றைக்கு எங்கே போய் ஒளிந்துகொள்வது என்றுதான் முதலில் யோசித்தேன். எங்கள் சலவை அறையில் கஞ்சி அக்கா என்று ஒருத்தி இருக்கிறாளே, மேஜை விரிப்புகளுக்குக் கஞ்சி போடுகிறவள், பேச்சும் அதே விறைப்பாக இருக்கும், அவள் சொன்னாள், நீ ஏன்டி பயந்து சாகுற, பரீட்சை உனக்கா அவளுக்கா என்று. அவளுக்கு என்ன, சொல்லிவிட்டுப் போய்விடுவாள். சின்னவளின் சட்டையை நானே இங்கே பெரிய மெஷினில் அழுத்திக் கொடுத்தேன். ஒன்றே ஒன்று சொல்லி அனுப்பினேன், நான் கீழ இருக்கேன்னு யார்கிட்டயும் மூச்சு விடாதே, என்னைத் தேடிக்கிட்டு வராதே என்று. அவள் உம் என்று கூடச் சொல்லாமல் போனாள். அப்போதே எனக்குச் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும்.

எங்கள் ஹோட்டல் வழக்கம் உனக்குத் தெரியாது, சொன்னால்தான் நடந்தது விளங்கும். விருந்தாளி யாராவது எதிரே வந்தால் நாங்கள் வண்டியை ஓரங்கட்டிவிட்டுச் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும், முகத்தைப் பார்க்கக்கூடாது, தலையைக் குனிந்து வணக்கம் சார், வணக்கம் மேடம், அவ்வளவுதான், அவர்கள் தாண்டிப் போகும்வரை அசையக்கூடாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு அதில் கோபம் பொத்துக்கொண்டு வரும், இப்போது உடம்பே தானாகச் செய்துவிடுகிறது. கடைத்தெருவில் யாராவது டக்கென்று எதிரே வந்தால்கூட ஒதுங்கி நின்றுவிடுகிறேன். சூப்பர்வைசர் ஒருத்தன் இருக்கிறான், மூச்சு விட்டால் மூக்கு சீட்டியடிக்கும், நாங்கள் அவனுக்கு விசில் என்று பெயர் வைத்திருக்கிறோம், இதில் யாராவது தவறியது அவன் கண்ணில் பட்டால் அன்றைக்குத் தொலைந்தாள். அன்று எனக்குக் கீழே நிற்க முடியவில்லை. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அறைகளுக்குத் துண்டு கொண்டுபோகிற பெண்ணிடம் கெஞ்சி அவள் வண்டியை வாங்கிக்கொண்டு மாடிக்குப் போனேன். கதவு இடுக்கில் பிள்ளையின் தலையையாவது பார்த்துவிட்டு வரலாம் என்றுதான், வேறு ஒன்றுமில்லை.

போகிறேன், கதவு திறக்கிறது. அந்த மேடமும் சின்னவளும் சேர்ந்து வெளியே வருகிறார்கள். சின்னவள் முகம் பூரித்துக் கிடக்கிறது, அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து எவ்வளவோ நாளாகிறது. அந்தண்டை மூலையில் விசில் நிற்கிறான். அவள் என்னைப் பார்த்ததும், அம்மா, என்று கூப்பிட்டாள். நான் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, சுவரோடு ஒட்டி, தலையைக் குனிந்து, என் வயிற்றில் பிறந்த பிள்ளையைப் பார்த்து, வணக்கம் மேடம் என்றேன். நாக்கு தானாகச் சொல்லிவிட்டது. அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த மேடம் நின்று, இவங்கதான் உன் அம்மாவா என்று கேட்டார். நான் அப்போது இருந்த கோலத்தை நினைத்துப் பார், முன்னால் கட்டின ஏப்ரன் எல்லாம் ஈரம், தலையில் தொப்பி, கையெல்லாம் சோப்பில் வெந்து தோல் உரிந்து கிடக்கிறது. இதைப் பார்த்தால் பிள்ளைக்குக் கிடைக்கிற இடமும் போய்விடும் என்றுதான் தோன்றியது. இல்லீங்க மேடம், இந்தப் பாப்பா ஆள் மாறிக் கூப்பிட்டிருப்பாங்க என்று சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டேன். காப்பாற்றிவிட்டேன் என்றுகூட நினைத்துக்கொண்டேன் பெரியவனே, அவ்வளவு புத்திசாலி உன் அம்மா.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் சின்னவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். டீ போட்டு வைத்தேன், தொடவில்லை. என்னடி என்றதும் வெடித்து அழுதாள். அந்த மேடம் அவளிடம், இடம் கிடைத்தால் யாரிடம் முதலில் சொல்வாய் என்று கேட்டாராம். எங்க அம்மாகிட்ட, அவங்க இங்கதான் கீழ சலவை அறையில இருக்காங்க என்று இவள் சொல்லியிருக்கிறாள். அப்படியா, வா, போய்ப் பார்க்கலாம் என்று அவர் எழுந்து வந்திருக்கிறார். என்னைப் பார்க்கத்தான் அவர்கள் இரண்டு பேரும் கிளம்பியிருக்கிறார்கள்! நான் இப்ப பொய் சொல்லி மாட்டிக்கிட்டவளாயிட்டேன், இல்லாத அம்மாவைச் சொல்லி இடம் கேட்டேன்னு நினைச்சிருப்பாங்க, எழுதின எல்லாத்தையும் பொய்னு நினைச்சிருப்பாங்க என்று தேம்பினாள். பிறகு, என்னை உன் பொண்ணுன்னு சொல்ல உனக்கு என்னம்மா வெட்கம் என்று கேட்டாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. வெட்கம் உன்னால் இல்லை, என்னால் என்று எப்படிச் சொல்வது, சொன்னாலும் அவளுக்குப் புரிகிற நிலையில் இல்லை.

மறுநாள் காலையில், ஹோட்டலில் தங்கியிருந்த அந்த மேடம் கிளம்புவதற்குள், வெளியே போகிற உடுப்பை உடுத்திக்கொண்டு, ஹோட்டலின் முன்வாசல் வழியாகப் போனேன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்த வாசலை நான் மிதித்ததில்லை. விசில் ஓடிவந்தான், பின்வாசல் பூட்டிக் கிடக்கா என்று கேட்டான். நான் இன்னிக்கு வேலைக்கு வரலை, ஒருத்தங்களைப் பார்க்க வந்திருக்கேன், வழியை விடுங்க என்றேன். அவன் முகத்தில் ஈயாடவில்லை. போய் அங்கே போட்டிருந்த சோபாவில் உட்கார்ந்தேன். அந்த மேடம் பெட்டியோடு இறங்கி வந்தார். அவரைப் பார்த்ததும் உடம்பு எழுந்து சுவர்ப்பக்கம் போகப் பார்க்கிறது, சோபாக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேடம், நேத்து பொய் சொன்னது என் பொண்ணு இல்லை, நான்தான், அவ என் பொண்ணு, அவ எழுதினது அத்தனையும் நிஜம் என்றேன். அதற்கு மேல் அழுகை வந்துவிட்டது, மானம் போகட்டும் என்று அழுதேன். அவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னை உட்காரச் சொல்லி, தானும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

சாட்சிக்கு என்று நம் மூன்று பேர் போட்டோ ஒன்றைக் கொண்டுபோயிருந்தேன், அவர் அதைக் கேட்கவே இல்லை. வேறு ஒன்று கேட்டார். இடம் கிடைச்சா ரொம்ப தூரம் வரணும்மா, நினைச்சப்போ வந்துபோக முடியாது, இந்த மாதிரி வீடுகள்லேர்ந்து நாங்க எடுக்குற பிள்ளைங்க சில பேர் கடைசி நேரத்துல வராம நின்னுடறாங்க, வீட்ல துணைக்கு ஆள் இல்லைன்னு, நீங்க அனுப்புவீங்களா என்று கேட்டார். அனுப்புவேன் என்றேன், யோசிக்கக்கூட இல்லை. அப்ப வீட்ல உங்களோட யார் இருப்பாங்க என்றார். என் பெரிய பையன் வந்துடுவான், இந்த வருஷமே வந்துடுவான் என்று சொல்லிவிட்டேன். வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று தெரியவில்லை. முதல் நாள் பொய்யைத் திருத்தப் போனவள் இன்னொரு பொய்யைச் சொல்லிவிட்டு வந்தேன்.

இப்போது சேதி வந்துவிட்டது, சின்னவளுக்கு இடம் கிடைத்துவிட்டது! உன்னிடம் இன்னும் சொல்லாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. கணக்கு டீச்சர் தெருவென்றும் பார்க்காமல் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். விசில்கூட, என்ன இருந்தாலும் பெரிய விஷயம்தான் என்று வழிந்துவிட்டுப் போனான். இவள் மட்டும் போக மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். உன்னைத் தனியா விட்டுட்டு நான் போய் அங்க என்னத்தைப் படிச்சுக் கிழிக்கப்போறேன் என்கிறாள். கெஞ்சினேன், திட்டினேன், ஒரு வேளை சாப்பிடாமல்கூட இருந்து பார்த்தேன், அவளும் சேர்ந்து சாப்பிடாமல் இருந்தாள். கடைசியில் அந்த மேடத்திடம் சொன்னதையே இவளிடமும் சொன்னேன். அண்ணன் வர்றான்டி, என்கிட்ட சொல்லிட்டான், உனக்கு ஆச்சரியமா இருக்கட்டும்னு மறைச்சோம் என்றேன். அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டுமே. உன் கட்டில் மேல் நான் போட்டுவைத்திருந்த துணியை எல்லாம் எடுத்துவிட்டு விரிப்பை மாற்றிவிட்டாள். ஆனால் என் பிள்ளை அல்லவா, சும்மா நம்புவாளா, அண்ணன் வாயால் கேட்ட பிறகுதான் வருகிறேன் என்று காலேஜுக்குப் பதில் அனுப்புவேன் என்கிறாள். போன வாரம் நீ கூப்பிட்டபோது பேச்சு அந்தப் பக்கம் திரும்பவும் சிக்னல் இல்லை என்று கத்திக் கட் பண்ணினது நான்தான். அவர்கள் பதிலுக்குக் கொஞ்ச நாள் தவணை கொடுத்திருக்கிறார்கள், அதற்குள் இது உன் கைக்கு வந்துவிடும் என்று அவசரத் தபாலில் போடுகிறேன்.

நீ வர முடியாது என்று எனக்குத் தெரியும். மறுபடியும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டாய், நடுவில் விட்டு வந்தால் இத்தனை வருஷம் குளிரில் விறைத்ததெல்லாம் வீணாகிவிடும். நான் உன்னை வரச் சொல்லவில்லை ராசா. வர்றேன்னு அவளிடம் சொல்லு, அது போதும். அவள் போய்ச் சேர்ந்து, நாலு சிநேகிதம் பிடித்து, படிப்பில் தலை மூழ்கின பிறகு உண்மையை நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன், திட்டினால் வாங்கிக்கொள்கிறேன். சின்ன வயசிலிருந்தே பொய் சொன்னால் உனக்குக் குரல் கம்மிப்போகும், அவளுக்கும் அது தெரியும், அதனால் சிரித்துக்கொண்டே சொல். எப்போது என்று அவள் கேட்டால், நீ காலேஜ் போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளில் வந்துவிடுவேன் என்று சொல். முடிந்தால் அவளுக்குப் பொறாமை வருகிற மாதிரி, இனிமே அம்மா சமையல் முழுக்க எனக்குத்தான் என்று ஏதாவது வம்பிழு, அப்போதுதான் நம்புவாள். எனக்குத் தனியாக இருக்கப் பயமில்லை என்று எழுதினால் அது இன்னொரு பொய்யாகிவிடும். பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவளைப் பிடித்து வைத்துக்கொண்டு அவள் காதுப் பஞ்சைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நினைத்தால் அதைவிடப் பயமாக இருக்கிறது. கஞ்சி அக்கா கூப்பிடுகிறாள், மெஷினைப் போட்டுவிட்டார்கள்.

நீ நோய்நொடி இல்லாமல், நினைத்தது கைகூடி, நல்லபடியாக நீடூழி வாழ வேண்டும், என் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் என் ஆயுசையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று நாள் தவறாமல் கேட்டுக்கொள்கிறேன். இந்தக் காகிதத்தைப் படித்ததும் கிழித்துப் போடு. ஞாயிற்றுக்கிழமை மறந்துவிடாதே, கூப்பிட்டதும் முதல் வேலையாக வர்றேன்னு சொல்லிவிடு. நீ சொல்லும்போது நானும் அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன். கொஞ்ச நேரம் நானும் அதை நம்பிக்கொள்கிறேன், அதற்கு மட்டும் ஒன்றும் சொல்லாதே.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா